பாலத்தில் நின்ற ஒற்றைச் சைக்கிள்: மட்டக்களப்புக் கல்விச் சமூகத்துக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் 34 வருடம் உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். உங்களில் சிலரோடு ஒரே மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இன்னும் சிலர் என் வகுப்பில் இருந்த பிள்ளைகள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பாராட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. சந்தியிலிருந்து மண்டபம் வரைக்கும் பிள்ளைகளின் படம் போட்ட பதாகைகள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி மாலை போட்டார்கள். பிறகு பேசிய ஒருவர், “அறிவு கூடக் கூட மனிதனுக்குக் கருணையும் கூடும். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு நல்ல மனிதர்களாக வருவார்கள் என்பதற்கு இந்தப் பெறுபேறே சாட்சி” என்றார். மண்டபம் கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை. அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அதே வசனத்தை நானே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்படிப் போனது என்பதை முதலில் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு மாரி. கல்லடியில் அப்போது பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். 1924இல் திறந்த பாலம், ஒரு வாகனம் போனால் எதிரே வருவது காத்து நிற்க வேண்டும். புதுப் பாலம் 2013இல்தான் திறந்தது. டவுனில் காலையில் நான் ஒரு ரியூசன் வகுப்பு நடத்தினேன். கல்லடிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாலத்தால்தான் சைக்கிளில் வருவார்கள். முன் வாங்கில் இடம் பிடிக்கப் போட்டி. பின்னுக்கு இருந்தால் கரும்பலகையும் தெரியாது, மழைச் சத்தத்தில் என் குரலும் கேட்காது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்கு நிகழ்தகவு தொடங்கியிருந்தேன். எட்டு ஐம்பது போல ஒரு பையன் வந்து வாசலில் நின்றான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். வெள்ளைச் சட்டையின் வலது கையில் மண்ணிறத்தில் ஒரு கறை. சேறு என்று நினைத்தேன். “சேர்…” என்று தொடங்கினான். நான் முடிக்க விடவில்லை. “வெளியே நில்” என்றேன். வகுப்பு முடியும் வரைக்கும், இரண்டு மணித்தியாலம், அவன் தாவாரத்தில் நின்றான். நான் நிகழ்தகவு படிப்பித்தேன்.

ஒரு கிழமை கழித்து ஓர் அம்மா வந்தா. கையில் ஒரு தயிர்ச் சட்டி. “சேர், என்ட மகள் பாலத்துக்கிட்ட விழுந்து முழங்கால் கிழிஞ்சு கிடந்தவள். உங்கட வகுப்புப் பொடியன் ஒருத்தன்தான் சைக்கிள்ல ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன். எங்கட வீட்டுக்கும் வந்து சொல்லிப்போட்டுத்தான் போனான். அவனை ஒருக்காக் காட்டுங்க சேர், கும்பிட்டுட்டுப் போறன்” என்றா. அவனோ அந்தக் கிழமை முழுக்க வகுப்புக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்தக் கறை சேறு இல்லை என்பது அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

அவ இன்னொன்றும் சொன்னா. விழுந்து கிடந்த பிள்ளை தன்னைக் கடந்து போன சைக்கிள்களை எண்ணியிருக்கிறாள். ஒன்பது. எல்லாம் தெரிந்த முகங்கள். அடுத்த வகுப்பில் நான் அந்த ஒன்பது பேரையும் எழுப்பிக் கேட்டேன். ஒருத்தன் உண்மையைச் சொன்னான்: “நிண்டா முன் வாங்கு போயிடும் சேர். பின்னால வாற ஆராவது நிப்பாங்க எண்டு நினைச்சன்.”

அந்த ஒன்பது பேரும் என் வகுப்பின் மிகக் கெட்டிக்காரர்கள். அவர்களில் பலர் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, என் பிள்ளைகள். அன்று பாலத்தில் அவர்கள் செய்ததற்கு முன் வாங்கு கொடுத்தவன் நான். நின்றவனுக்குத் தாவாரம் கொடுத்தவனும் நான்தான்.

ஓய்வுபெற்ற பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. கணிதம் அல்லாத விஷயங்களைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. வாசித்துவிட்டு அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. குருமாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் உவமை. அடிபட்டு வழியில் கிடந்தவனைப் படித்தவர்கள் கடந்து போக, வேற்று இனத்தான் நின்று காப்பாற்றினான் என்ற வேதாகமக் கதை. போகும் வழியில் ஒரு வாசலடியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். அவரும் ஆய்வின் ஏற்பாடுதான். யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆறுதலாகப் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரம் மட்டு மட்டு என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். “பிந்திவிட்டீர், ஓடும்” என்று சொல்லப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போனார்களா, வேறு தலைப்பில் பேசப் போனார்களா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அவசரத்தில் இருந்த சிலர் அந்த மனிதரைத் தாண்டிக் கால் வைத்தே போயிருக்கிறார்கள், சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காக.

என் ஒன்பது பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். எட்டு மணிக்குக் கதவைச் சாத்துகிறவனும் இருந்தான்.

சரி, மூளை கூடினால் மனம் கூடுமா என்ற கேள்விக்கு வருவோம். 1942 ஜனவரி 20ஆம் திகதி பேர்லினின் ஓரத்தில் வான்சீ என்ற ஏரிக்கரையில், அழகான ஒரு மாளிகையில், ஹிட்லரின் நாசி ஆட்சியைச் சேர்ந்த 15 பேர் கூடினார்கள். ஐரோப்பாவில் இருந்த யூதர்கள் எல்லாரையும் கொன்றொழிக்கும் வேலையை எந்தத் திணைக்களம் எப்படிப் பங்கிட்டுச் செய்வது என்று ஒழுங்குபடுத்தத்தான் அந்தக் கூட்டம். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அந்த 15 பேரில் எட்டுப் பேர் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். போர் முடிந்து நூரம்பேர்க்கில் விசாரணை நடந்தபோது கில்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அங்கே குற்றம் சாட்டப்பட்டிருந்தவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்தார். சராசரி 100 வரும் சோதனை அது. ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் 138 எடுத்தார். நெதர்லாந்தை ஆண்டு அங்கிருந்த யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிவைத்த ஸைஸ்-இன்குவார்ட் 141 எடுத்தார். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆசிரியர் தட்டிக்கொடுத்த பிள்ளைகள்தான்.

மூளை இருந்ததால் அவர்கள் கொடியவர்கள் ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை. மந்தபுத்திக்காரர் கொலை செய்யாமலும் இல்லை. மூளை அவர்களைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அறத்தையே பாடமாகப் படிப்பிக்கிற தத்துவப் பேராசிரியர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஷ்விட்ஸ்கெபெல், ரஸ்ட் என்ற இரண்டு அமெரிக்கத் தத்துவ ஆசிரியர்கள் தேடிப் பார்த்தார்கள். அம்மாவோடு பேசுவது, மாணவர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, தேர்தலில் வாக்களிப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். மற்றப் பேராசிரியர்களை விட அவர்கள் சொல்லத்தக்க அளவுக்கு மேலாக இல்லை.

தூரத்துக் கதை போதும். நம் ஒழுங்கைக்கு வருகிறேன்.

நுண்கடன். இந்தச் சொல்லைக் கேட்டாலே கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழும்பிப் போகும் பெண்களை உங்களுக்கும் தெரியும். உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார்தான் அவர்கள். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் தன் கடன் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஐம்பதாயிரம் ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஒரு வருடம். “வருசத்துக்கு இருபத்திநாலு வீதம் தானே மாஸ்டர்?” என்றாள். இல்லை. முதல் மாதமே கட்டத் தொடங்குகிறாள், கடன் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு ஐம்பதாயிரத்துக்கும் போகிறது. மாதம் 5,167 ரூபாய்ப்படி கட்டி முடிக்கும்போது, குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால், உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 42 சதவீதம். கொப்பியில் போட்டுக் காட்டினேன். அவள் அந்தத் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். இது மிதமான கடன். 2018இல் இலங்கைக்கு வந்துபோன ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரைக்கும் போவதாகச் சொன்னார்.

அந்தக் கணக்கை அமைத்தவருக்குக் கணிதம் தெரியும். அதை விடப் பெரிய கெட்டித்தனம் குழு முறையில் இருக்கிறது. நாலைந்து பெண்களை ஒருவருக்கு ஒருவர் பிணையாக நிறுத்துகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கூட்டம் நடக்கும் வீட்டை விட்டு எழும்ப முடியாது. விறாந்தையில் குந்தி இருப்பார்கள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துவிடும், அடுப்பு எரியாது. யார் யாருக்குப் பயப்படுவாள், எந்தப் பெண் அயலில் மானம் போவதைச் சாவாக நினைப்பாள் என்பதை எல்லாம் நன்றாக விளங்கி அமைத்த முறை அது. காசு வாங்க மோட்டார் சைக்கிளில் வரும் பையன்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். “அவங்கட மனநிலை எனக்குத் தெரியும் சேர், அதாலதான் என்ட வசூல் நூறு வீதம்” என்றான். பொய் இல்லை, அடுத்தவர் மனம் அவனுக்கு மிக நன்றாகத் தெரியும். ஒருவரின் நோவை விளங்கிக்கொள்வது ஒன்று, அந்த நோ தனக்கும் நோவது வேறொன்று. முதலாவதற்கு மூளை போதும், அதில் அவன் என்னை விடத் திறமைசாலி. இரண்டாவதை நான் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவே இல்லை.

என்னையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் படிப்பித்த பாடசாலை முகாமானது. அந்த முதல் சில நாட்களில் தமிழர் முஸ்லிம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து பெரிய அண்டாவில் சோறு வந்தது. கொண்டுவந்தவரின் வீட்டிலும் மையித்து விழுந்திருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்புறம் நிவாரணம் வரத் தொடங்கியது, பட்டியல் எழுத வேண்டி வந்தது. எழுதத் தெரிந்தவர்கள் என்று மூன்று ஆசிரியர்களை மேசையில் இருத்தினார்கள், நான் ஒருவன். எங்கள் ஒழுங்கை ஆட்களின் பெயர் மேலே வருவதற்கு எனக்கு எத்தனை நியாயம் கிடைத்தது தெரியுமா! கிணறு உப்பானது, வீட்டுக்குத் தூரம், வயோதிபர் எண்ணிக்கை… ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகவே இருந்தது. சோறு கொண்டுவந்த ஊரின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அதற்கும் எங்களிடம் ஒரு நியாயம் இருந்தது.

எனக்கு நடந்ததற்கு விளக்கம் டான் கஹான் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பரிசோதனை ஒன்றில் கிடைத்தது. ஒரே எண்களை இரண்டு கதையில் வைத்து ஆட்களிடம் கொடுத்தார். தோலுக்குப் பூசும் கிறீம் வேலை செய்கிறதா என்ற கதையில், எண்களில் கெட்டிக்காரர்கள் சரியான விடையைக் கண்டார்கள். அதே எண்களைத் துப்பாக்கித் தடைச் சட்டத்தின் கதையாக மாற்றியதும் ஆட்கள் தங்கள் அரசியல் கட்சிப்படி பிரிந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் மற்றவர்களை விடக் கூடுதலாகப் பிரிந்தார்கள். தன் பக்கத்துக்குச் சாதகமான விடையைத் தேடிப் பிடிக்கவும் கணக்குத்தான் உதவியிருக்கிறது. இதை வாசித்தபோது அந்த மேசையும் என் கையிலிருந்த பேனாவும் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

இதற்காக மூளையைப் பழிக்க நான் வரவில்லை, என் வாழ்க்கையே அதை வளர்த்ததில்தான் போனது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு குளத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் ஒருவர், என் பழைய மாணவர், ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தபோது என்ன செய்தார் என்று நான் போய்ப் பார்த்தேன். வழக்கமாக வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர்கள் நிறையப் பாய்ச்சிவிடுவார்கள், கடைசி வயல்களுக்கு வரும்போது வாய்க்கால் காய்ந்திருக்கும். இவர் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்ட விதானையோடு மூன்று நாள் கடைசி வயல்களின் வரம்பில் நடந்தார். ஒரு கிழவருடைய வாடியில் இருந்து சாப்பிட்டார். பிறகு முறை போட்டார்: முதல் தண்ணீர் கடைசி வயலுக்கு, எத்தனை மணித்தியாலம், எந்த மதகு எப்போது திறப்பது என்று. கணக்கு இறுக்கமான கணக்கு. அது தெரியாத ஒருவர் அந்தக் கிழவருக்காக அழுதிருக்கலாம், தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியாது. கணக்கு மட்டும் தெரிந்த ஒருவருக்கு அந்த வாடிக்குள் போய் இருக்கத் தோன்றியிராது. அறிவு கையை நீளமாக்குகிறது. அந்தக் கை யாரை நோக்கி நீள வேண்டும் என்பது அவருக்கு வாடியில் தெரியவந்தது.

விபுலாநந்த அடிகளை நாம் எல்லாரும் சொல்வோம். காரைதீவில் 1892இல் பிறந்து, 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அந்த மூளைக்கு எந்தக் கதவும் திறந்திருக்கும். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார், ஆதரவில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லங்களை நடத்தினார். அவருடைய பட்டங்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கி ஒப்புவிக்கச் சொல்கிறோம். அவர் யாரோடு ஒரே வளவில் இருந்து சாப்பிட்டார், யாருக்காக நேரத்தைக் கொடுத்தார் என்பதையும் அதே அளவுக்குச் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருப்பது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிகளைப் பற்றியது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஓர் எலியைச் சின்னக் கூட்டுக்குள் அடைத்து, அதோடு வாழ்ந்த மற்ற எலியை வெளியே விட்டார்கள். வெளியே இருந்தது நாளடைவில் கதவைத் திறக்கப் பழகி, அடைபட்டதை வெளியே விட்டது. பக்கத்துக் கூட்டில் சொக்லேட் வைத்தபோதும் இரண்டையும் திறந்து, அடைபட்டிருந்ததற்கும் பங்கு கிடைக்க விட்டது. எலிக்கு என்ன பெரிய மூளை? 2014இல் வெளிவந்த அடுத்த ஆய்வுதான் எனக்கு முக்கியம். வெள்ளை எலி, தனக்குத் தெரியாத வெள்ளை எலியைத் திறந்துவிட்டது. கறுப்பு அடையாளம் கொண்ட வேறு வகை எலியைத் திறந்துவிடவில்லை. ஆனால் அந்த வகை எலி ஒன்றோடு இரண்டு கிழமை ஒரே கூட்டில் வாழ்ந்த பிறகு, அந்த வகையில் முன்பின் தெரியாத எலியையும் திறந்துவிட்டது. பிறந்த உடனேயே கறுப்பு வகைத் தாயிடம் வளர்ந்த வெள்ளை எலிகளோ கறுப்பு வகைக்கே உதவின, தம் சொந்த வகையை விட்டுவிட்டன. இரத்தம் இல்லை, கூட வாழ்ந்ததுதான் தீர்மானித்தது.

தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே தமிழ், ஒரே பாடத்திட்டம், ஒரே நாளில் ஒரே பரீட்சை. தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரித்து 13 வருடம் படிப்பிக்கிறோம். ஒரு வாங்கில் ஒருநாள் கூட ஒன்றாக இருக்காமலே அவர்கள் பெரியவர்கள் ஆகிறார்கள். பிறகு ஒருவன் பட்டியல் எழுதும் மேசையில் இருக்கும்போது மற்றவனின் ஊர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்று நாம் கவலைப்படுகிறோம். வருடத்துக்கு ஒருமுறை நல்லிணக்க விழா வைத்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு படம் எடுத்துவிட்டுப் போவதை நான் கேட்கவில்லை. உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் போதாமல் எத்தனை பாடசாலை தவிக்கிறது? அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாடசாலைகள் சேர்ந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியரை வைத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அங்கே, வியாழக்கிழமை இங்கே. ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் ஒரே ஊசலை ஆட்டி, ஒரே அளவீட்டில் பிழைவிட்டு, திரும்பச் செய்யட்டும். ஒரு தவணை முழுக்க. வலயப் பணிப்பாளர்களே, இது உங்கள் கையெழுத்தில் ஆகக்கூடிய காரியம்.

அவசரத்தைப் பற்றி ஐந்தாம் தரப் பிள்ளையிடம் கேளுங்கள். என் பேரனுக்குப் பத்து வயது. ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். ஏழரைக்குப் பாடசாலை, ஒன்றரைக்கு விட்டதும் வீட்டுக்கு வந்து சோற்றை விழுங்கிவிட்டு இரண்டரைக்கு வகுப்பு. ஐந்தரைக்கு வந்தால் மாதிரி வினாத்தாள். சனி, ஞாயிறு கருத்தரங்கு. புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி என்ன என்பது அவனுக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கிழவி படுக்கையில் விழுந்து இரண்டு மாதம் என்பது தெரியாது. அவன் கல்நெஞ்சன் இல்லை. எதிர்வீட்டுக்குப் போக அவனுக்கு நேரமே இல்லை. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும் ஒருவனை இப்படி ஓடவிட்டுவிட்டு, இருபத்தைந்து வயதில் மருத்துவராகவோ அதிகாரியாகவோ வந்து நிற்கும்போது, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆறுதலாகப் பேசு என்று கேட்டால் அவன் எங்கே போவான்? ஒன்பது வருடம் நாம் சொன்னது “பிந்திவிட்டாய், ஓடு” என்ற ஒன்றைத்தானே.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாளையாவது திருப்பிக் கொடுங்கள். பாடசாலை வளவுக்குள் இரவு ஏழு மணி வரைக்கும் நடக்கும் மேலதிக வகுப்புகளை அதிபர்கள் நீங்களே நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், எனக்குத் தெரியும். வரும்போது என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

கருணைக்குப் பரிசு வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். பரிசு வைத்தால் அதுவும் போட்டியாகும், போட்டி வந்தால் இன்னோர் அவசரம் வரும். பாராட்டு விழாவைத் தாராளமாக வையுங்கள். பிள்ளை உழைத்து எடுத்த புள்ளி, அதற்கு மாலை போடுவதில் பிழை இல்லை. அந்தப் புள்ளியை அவனுடைய குணத்துக்குச் சாட்சியாக மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அவனும் அதை நம்பிவிடுவான். மேடைக்கு வராத பிள்ளையும் தன்னைப் பற்றி எதிர்மாறாக நம்பிவிடும்.

இன்னொன்று தண்டனை பற்றி. சாமுவேல் ஒலினர் என்று ஒருவர். போலந்தில் பிறந்த யூதர், 1942இல் 12 வயதில் குடும்பத்தை இழந்து, ஒரு விவசாயப் பெண் கொடுத்த அடைக்கலத்தில் உயிர் பிழைத்தவர். பிறகு அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியரானார். தன்னைப் போல யூதர்களை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானவர்களை அவரும் மனைவியும் தேடித் தேடிப் பேட்டி கண்டார்கள். மற்றவர்களிடமிருந்து அவர்கள் வித்தியாசப்பட்ட இடங்களில் ஒன்று வளர்ப்பு. அவர்களின் பெற்றோர் அடித்துத் திருத்தியது குறைவு. நீ செய்தது மற்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கிச் சொன்னது கூட. இதை வாசிக்கும்போது எனக்குத் தாவாரத்தில் நனைந்து நின்ற பையனின் ஞாபகம்தான். அன்றைக்கு என் வகுப்பில் அடுத்தவரின் நோவைத் தன் நோவாக எடுத்த ஒரே பிள்ளை அவன். என்ன நடந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உள்ளே இருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அவன் வாயால் அதைக் கேட்டிருப்பார்கள். நிகழ்தகவை அடுத்த கிழமை படித்திருக்கலாம்.

காலைக் கூட்டத்துக்குப் பிந்தி வரும் பிள்ளைகளைப் படலைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் கேளுங்கள். பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் வாவி கடந்து வரும் பிள்ளைக்குக் காற்று பிழைத்திருக்கும். அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தம்பிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருக்கும். யாரையாவது எங்கேயாவது ஏற்றி இறக்கிவிட்டும் வந்திருக்கலாம்.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டு மணிக்குத் தொடங்கும். கதவு சாத்துவதில்லை. பிந்தி வரும் பிள்ளையிடம் “என்ன நடந்தது மனே?” என்று கேட்பேன். பெரும்பாலும் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருக்கும், இல்லாவிட்டால் நித்திரை. போன மாரியில் ஒருத்தி, பஸ் தரிப்பிடத்தில் ஒரு மூதாட்டி மாத்திரைப் பையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்ததாகவும், தானும் கூடத் தேடியதாகவும் சொன்னாள். கிடைத்ததா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். கிடைத்ததாம், வாங்குக்குக் கீழே. அதற்கு ஒரு பத்து நிமிடம் போனது. பிறகு அவள் விட்ட கணக்கை முதலிலிருந்து போட்டோம்.

அடுத்த தவணை தொடங்க முன் நீங்கள் கூடிப் பேசுவதானால் எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள். எந்தக் கரையாக இருந்தாலும் வருவேன். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.